குரல் என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்

மனநல வார்டில் காலை ரவுண்ட்ஸ் வரும்போது கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக எல்லா இடத்திலும் ஒன்றுதான். தூங்கினீர்களா? சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டாச்சா? குரல் ஏதும் கேட்கிறதா? கடைசிக் கேள்விக்கு "கேக்குது" என்று பதில் வந்தால் கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறும். "இப்ப இல்ல" என்றால் வேறொரு வரி. அதோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவோம். அந்தக் குரல் யாருடையது, என்ன சொல்கிறது, அது சொல்வதை இவர் எவ்வளவு நம்புகிறார், ராத்திரி முழுக்க அதோடு எப்படி மல்லுக்கட்டுகிறார் என்பதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. அவராகச் சொல்ல வந்தாலும், "அதையெல்லாம் யோசிக்காதீங்க, ரெஸ்ட் எடுங்க" என்று அன்பாகவே வாயை அடைத்துவிடுகிறோம்.

நான் வார்டில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதுவது டாக்டரின் பொறுப்பு. என் வேலை பேசுவது, அதைவிட முக்கியமாகப் பேசவிடுவது. சைக்கோசிஸ் என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலையில் இருப்பவர்களோடு பேச்சு சிகிச்சை செய்ய முடியுமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது (இதை மருட்சி என்பார்கள்), இந்த மாதிரி நிலைகள் அவை. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியாவும் அதில் அடக்கம். அதுவும் நோய் உச்சத்தில் இருந்து அட்மிட் ஆகியிருக்கும்போது பேசி என்ன பயன் என்று குடும்பத்தார் மட்டுமில்லை, துறைக்குள்ளேயே இருப்பவர்களும் கேட்கிறார்கள். "முதல்ல மாத்திரையில தெளியட்டும், அப்புறம் கவுன்சலிங் பாத்துக்கலாம்" என்பது வழக்கமான பதில். அந்த "அப்புறம்" பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை. தெளிந்ததும் டிஸ்சார்ஜ், டிஸ்சார்ஜ் ஆனதும் மாதம் ஒருமுறை மருந்துச் சீட்டு. அவ்வளவுதான்.

இது யாரோ ஒரு டாக்டருடைய சுபாவம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரோஸ் மெக்கேப் என்பவரும் சக ஆய்வாளர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சைக்கோசிஸ் உள்ளவர்கள் மனநல டாக்டரைப் பார்க்கும் 32 சந்திப்புகளைப் பதிவுசெய்து, யார் எதைக் கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்று வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நோயாளிகள் தங்களுக்குக் கேட்கும் குரலைப் பற்றியும் தங்கள் நம்பிக்கைகளைப் பற்றியும் பேச மறுபடி மறுபடி முயன்றிருக்கிறார்கள். டாக்டர்கள் தயங்கியிருக்கிறார்கள், பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், கூட உறவினர் இருந்த சமயத்தில் சிரித்தும் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் கேலி இருந்ததாக நான் நினைக்கவில்லை, அது சங்கடத்தில் வருகிற சிரிப்பு. ஆனால் "நான் சொல்றதை ஏன் யாரும் நம்ப மாட்டேங்குறீங்க" என்று கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இந்தத் தயக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. உண்மையான மருட்சியை அடுத்தவர் உள்ளே புகுந்து புரிந்துகொள்ளவே முடியாது என்று 1913-இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் எழுதினார். மனநல மருத்துவம் படித்த பல தலைமுறைகள் அந்தக் கருத்திலேயே வளர்ந்தன. ஃப்ராய்டும் தன்னுடைய உளப்பகுப்பாய்வு முறை இவர்களுக்கு உதவாது என்றே கருதினார். எதிர்த்திசையில் போனவர்களும் இருந்தார்கள். 1920-களில் அமெரிக்காவின் பால்டிமோருக்குப் பக்கத்தில், ஷெப்பர்ட் அண்ட் எனாக் பிராட் மருத்துவமனையில் ஹாரி ஸ்டாக் சல்லிவன் மனச்சிதைவு உள்ள இளைஞர்களோடு பேசிப் பேசியே வேலை செய்தார். அங்கே அவர் அமைத்த சின்ன வார்டுக்கு உதவியாளர்களைக் கூட அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் வந்து பேசும் ஒரு மணி நேரத்தைவிட மீதி நேரத்தில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்பது முக்கியம் என்று அவர் நினைத்தார். வார்டில் இருக்கும் எனக்கு இது இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அதே பேச்சு வழியில் நடந்த தவறையும் சொல்லியாக வேண்டும். 1935 முதல் 1957-இல் இறக்கும் வரை மேரிலாந்தின் செஸ்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மான் நோயாளிகளிடம் காட்டிய பொறுமையும் மரியாதையும் அபாரமானவை. அவரேதான் 1948-இல், மனச்சிதைவை உண்டாக்குகிற தாய் என்ற கருத்தையும் எழுதிவைத்தார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் எத்தனையோ அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். இன்றைக்கும் பார்வையாளர் நேரத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "நான் வளர்த்ததுல எங்க தப்பு, மேடம்?" என்று கேட்கும்போது அந்தப் பழைய பழி இன்னும் தீரவில்லை என்று தோன்றும். பலன் என்று பார்த்தாலும் செஸ்நட் லாட்ஜ் பெரிதாகச் சாதிக்கவில்லை. அங்கே இருந்துவிட்டுப் போனவர்களைப் பல வருடங்கள் கழித்துத் தேடிப்பிடித்து 1984-இல் மெக்லாஷன் வெளியிட்ட ஆய்வின்படி, மனச்சிதைவு உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் நிலை மோசமாகவே இருந்தது. பாரிஸின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் 1952-இல் குளோர்ப்ரோமசின் என்ற சைக்கோசிஸ் மருந்தின் பலன் தெரியவந்த பிறகு, பேச்சு என்பதே தேவையில்லை என்கிற எதிர் முனைக்குத் துறை போய்விட்டது.

அதே 1952-இல்தான் ஆரன் பெக் என்ற இளம் மருத்துவர் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எஃப்பிஐ ஆட்கள் தன்னைக் கண்காணிப்பதாக நம்பிய ஒரு முன்னாள் ராணுவ வீரர் அவர். பெக் அந்த நம்பிக்கையை ஒதுக்கித் தள்ளவில்லை. யார் யார் மேல் சந்தேகம், எதை வைத்துச் சந்தேகம் என்று அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு பெக், எண்ணங்களையும் நம்பிக்கைகளையும் இப்படிச் சேர்ந்து சோதித்துப் பார்க்கும் அறிவாற்றல் சிகிச்சையை மனச்சோர்வுக்கு உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். அந்த முதல் கட்டுரையின் தொடர்ச்சியைப் பிரிட்டனில் டேவிட் கிங்டன், டக்ளஸ் டர்கிங்டன், ஃபிலிப்பா காரட்டி போன்றவர்கள் கையில் எடுக்க இன்னும் முப்பது, நாற்பது வருடங்கள் ஆயின.

எப்படிப் பேசுவது என்று சொல்ல ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு மூன்று பேரின் கதையைக் கலந்து, அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

ஐம்பதை ஒட்டிய வயது. சுவரோரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேஸ் ஷீட்டில் "மாத்திரை மறுக்கிறார், ஒத்துழைப்பு இல்லை" என்று தினமும் எழுதப்பட்டிருந்தது. அடுத்து ஊசிதான் என்கிற கட்டம். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் தூக்கத்தைப் பற்றி, அப்புறம் வார்டின் சத்தத்தைப் பற்றிப் பேசினோம். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன். தலையசைத்தார், இல்லை என்று.

"தண்ணி குடிச்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க, சார்?"

"குடிச்சா முடிஞ்சிருவேன். அவன் சொல்லிக்கிட்டே இருக்கான்."

"யாரு சொல்றது?"

"எங்க பழைய சூப்பர்வைசர். அவன் குரலேதான்."

"மாத்திரையைப் பத்தி அவரு ஏதாவது சொல்றாரா?"

நிமிர்ந்து பார்த்தார். "மாத்திரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே மேடம். இந்த ஜக்குல இருக்கிற தண்ணியைத்தான் சொல்றான்."

மாத்திரை கொண்டுவரும்போதெல்லாம் அந்த ஜக்கிலிருந்துதான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தட்டிவிட்டது தண்ணீரை. அது மாத்திரை மறுப்பாக எழுதப்பட்டுவிட்டது. அன்று சாயங்காலம் அவரே குழாயடிக்குப் போய்த் தன் டம்ளரைக் கழுவி, தானே பிடித்துக்கொண்டு வந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஊசிக்கு அவசியம் வரவில்லை.

சீனியர் நர்ஸ் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இப்படி விட்டா, தண்ணியில விஷம் இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?" நியாயமான கேள்வி. மருட்சியைப் பற்றிப் பேசினால் அதற்குத் தீனி போட்டதாகிவிடும் என்பதுதான் எங்கள் துறையில் ஆழமாக வேரோடிய பயம். ஆனால் அவருடைய பயத்தை ஒத்துக்கொள்வதும் விஷம் இருப்பதை ஒத்துக்கொள்வதும் வேறு வேறு. பயம் நிஜம். நாக்கு வறண்டு உதடு வெடிக்கிற அளவுக்கு நிஜம். அதைக் குறைக்க ஒரு டம்ளர் தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்ளட்டுமே.

இங்கே எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "நான் சொல்றதை நீங்க நம்புறீங்களா?" என்று அவர் நேராகக் கேட்பார். கட்டாயம் கேட்பார். ஆமாம் என்று சொன்னால் பொய், என்றாவது அது வெளிப்படும். இல்லை என்றால் நாமும் அந்தச் சூப்பர்வைசர் பக்கம் சேர்ந்துவிட்டவர்கள். நான் இப்படித்தான் சொன்னேன்: "எனக்கு அந்தக் குரல் கேக்கல சார். உங்களுக்குக் கேக்குதுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தண்ணியில என்ன இருக்குன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாமா?" அவருக்கு அந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் மறுநாளும் நான் பக்கத்தில் உட்கார விட்டார். எனக்கு அது போதும்.

அடுத்தடுத்த நாட்களில் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வேலை பார்த்த இடத்தில் எல்லார் முன்னாலும் திருட்டுப் பட்டம். பிறகு வேலை போனது. வாரக்கணக்கில் தூக்கமில்லை. அந்தத் தூங்காத ராத்திரிகளில் ஒன்றில்தான் முதன்முதலாகக் குரல். இது எதுவும் கேஸ் ஷீட்டில் இல்லை. "துன்புறுத்தல் மருட்சி உள்ளது" என்று மட்டும் இருந்தது. நூற்றுக்கு எத்தனை பங்கு நிச்சயமாக நம்புகிறீர்கள் என்று கேட்டேன். நூறு என்றார். "இன்னைக்கு ராத்திரி நீ முடிஞ்ச" என்று குரல் சொன்ன ராத்திரிகள் எத்தனை, அதில் எத்தனை ராத்திரி அப்படி நடந்தது என்று அவரே ஒரு காகிதத்தில் குறிக்க ஆரம்பித்தார். டிஸ்சார்ஜ் சமயத்தில் நூறு அறுபதாகியிருந்தது. குரல் போகவில்லை. "அவன் கத்திக்கிட்டுதான் இருக்கான், நான் தூங்கிடுறேன்" என்றார்.

ஒரு குரல் எவ்வளவு சத்தமாக, எத்தனை முறை கேட்கிறது என்பதைவிட, அந்தக் குரலுக்கு எவ்வளவு சக்தி இருப்பதாக இவர் நம்புகிறார் என்பதுதான் அவருடைய துன்பத்தைத் தீர்மானிக்கிறது. 1990-களில் பால் சாட்விக்கும் மேக்ஸ் பிர்ச்வுட்டும் இதை வரிசையாகக் காட்டினார்கள். "உன்னையே காயப்படுத்திக்கொள்", "அவனை அடி" என்று கட்டளையிடும் குரல்கள் கேட்பவர்கள் 197 பேரை வைத்துப் பிர்ச்வுட் குழு நடத்திய ஆய்வு 2014-இல் வந்தது. குரலின் அதிகாரத்தை மட்டும் குறிவைத்துப் பேசிய சிகிச்சை அது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம் பேர் குரலுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்கள். பேச்சு சிகிச்சையும் பெற்றவர்களில் 28 சதவீதம். இரண்டு பக்கமும் குரல் கேட்கத்தான் செய்தது. கீழ்ப்படிவதில்தான் வித்தியாசம். ரவுண்ட்ஸில் "குரல் கேட்கிறதா, இல்லையா" என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது.

ஆய்வுகளைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. பெக்கின் வழியில் வளர்ந்த, சைக்கோசிஸுக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை அற்புதம் எதையும் செய்வதில்லை. 2014-இல் ஜௌஹரும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருக்கிறது, ஆனால் சிறியது என்றே தெரிந்தது. எந்தச் சிகிச்சை கிடைத்தது என்று தெரியாதவர்கள் மதிப்பிட்ட ஆய்வுகளில் அந்தப் பலன் இன்னும் சுருங்கியது. பேச்சு மட்டும் போதும், மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். மருந்து இல்லாமல் என் வார்டில் பலரோடு ஒரு வாக்கியம் கூட முழுதாகப் பேச முடியாது. அதே நேரத்தில், மருந்து ஒழுங்காக எடுத்தும் நாலில் ஒருவருக்காவது போதுமான பலன் கிடைப்பதில்லை. குரலோடேயே வாழ வேண்டியிருக்கும் அவர்களிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம்?

மருத்துவமனைக்குள்ளேயே நடந்த ஆய்வுகளில் இரண்டு எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒன்று, இங்கிலாந்தில் நடந்த சாக்ரட்டீஸ் ஆய்வு. 300-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் முதல்முறை நோய் வந்து அட்மிட் ஆனவர்கள். ஐந்து வாரத்துக்குள் முடிக்கிற மாதிரி ஒரு சாராருக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, ஒரு சாராருக்கு ஆதரவாக உட்கார்ந்து பேசும் ஆலோசனை, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், பேச்சு கிடைத்த இரண்டு சாராரும் அறிகுறிகளில் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தார்கள். நோய் திரும்ப வருவதை இரண்டுமே தடுக்கவில்லை. இரண்டு வகைப் பேச்சுக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. இதை அறிவாற்றல் சிகிச்சையின் தோல்வியாகச் சிலர் படித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதர் வந்து, அவசரப்படாமல், பொய் சொல்லாமல், தினமும் அதே ஆளாக உட்கார்ந்து கேட்பதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது என்று நான் அதைப் படிக்கிறேன். அதைச் செய்ய நர்ஸுக்கும் வார்டு உதவியாளருக்கும் கூடக் கற்றுக்கொடுக்கலாம்.

இரண்டாவது, 2002-இல் பேட்ரிசியா பாக், ஸ்டீவன் ஹேய்ஸ் இருவரும் அமெரிக்க மருத்துவமனையில் 80 உள்நோயாளிகளை வைத்துச் செய்தது. நாலே நாலு அமர்வுகள். குரலை விரட்டப் பாடுபடாமல், அது வரும்போது வரட்டும், நீங்கள் செய்ய நினைத்ததைச் செய்யுங்கள் என்கிற ஏற்பு சிகிச்சை. அடுத்த நாலு மாதத்தில் மறுபடி அட்மிட் ஆனவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 40 சதவீதம், இந்த அமர்வுகளும் கிடைத்தவர்களில் 20 சதவீதம். அவர்களில்தான் "ஆமாம், குரல் கேட்கிறது" என்று ஒத்துக்கொண்டவர்கள் அதிகம்! ஆனால் அது சொல்வதை உண்மையென்று நம்புவது அவர்களிடம் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து உலகத்தை மாற்ற முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. "குரல் இல்லை" என்று சொன்னால்தான் வீட்டுக்கு விடுவார்கள் என்பது வார்டில் எல்லாருக்கும் தெரியும். நாம் கேட்கிற விதமே மறைக்கச் சொல்லித்தருகிறது. மறைப்பவர் நலமாகிவிட்டதாக நாம் எழுதிவிடுகிறோம்.

குரல் கேட்பதை இயல்பாக்கிப் பேசுவது என்று ஒரு அணுகுமுறை உண்டு, அதன் பலத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேல்ஸில் டெவி ரீஸ் என்கிற மருத்துவர், கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைச் சந்தித்து 1971-இல் எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர், இறந்தவர் கூடவே இருப்பதாக உணர்ந்தவர்கள், குரலைக் கேட்டவர்கள், உருவத்தைப் பார்த்தவர்கள். பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. தூக்கம் கெட்டாலும், தனிமைச் சிறையிலும், கடும் காய்ச்சலிலும் சாதாரண ஆட்களுக்கே குரல் கேட்கும். இதைச் சொன்ன மாத்திரத்தில் சிலருடைய தோள் இறங்குவது தெரியும். தான் மனித இனத்திலிருந்தே விலகிப்போனவன் என்கிற எண்ணம் நோயைவிடக் கனமானது. நெதர்லாந்தில் மாரியஸ் ரோம் என்ற மனநல டாக்டரிடம், அவருடைய நோயாளி பாட்சி ஹாக், குரலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்று விடாமல் மல்லுக்கு நின்றார். 1987-இல் இருவரும் டிவி நிகழ்ச்சியில் தோன்றிப் பேசிய பிறகு குரல் கேட்கும் நூற்றுக்கணக்கானவர்கள் அவர்களைத் தொடர்புகொண்டார்கள். அதில் கணிசமான பேர் எந்த மருத்துவரிடமும் போகாமல் சமாளித்துக்கொண்டிருந்தவர்கள். குரல் கேட்போர் குழுக்கள் பல நாடுகளுக்குப் பரவியது அதிலிருந்துதான். சில மருத்துவமனைகளுக்குள்ளும் அவை நடக்கின்றன.

குழுவாக உட்காரவைத்துச் செய்கிற இன்னொன்று, ஹாம்பர்கில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் உருவாக்கிய பயிற்சி. மருட்சி உள்ளவர்களில் பலர் குறைந்த தகவலை வைத்துக்கொண்டே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள் என்பது 1988 முதல் தெரியும். இரண்டு ஜாடியில் இரண்டு நிற மணிகள் வெவ்வேறு விகிதத்தில் இருக்கும். ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டி, எந்த ஜாடியிலிருந்து வருகிறது என்று கேட்டால் ஒன்றிரண்டு மணியிலேயே "இதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பயிற்சியில் யாருடைய சொந்த நம்பிக்கையையும் தொடுவதில்லை. படங்களையும் புதிர்களையும் வைத்து, அவசர முடிவு எல்லாருக்கும் எப்படி வருகிறது என்று சேர்ந்து பார்க்கிறார்கள். தன் கதையைச் சொல்லக் கூச்சப்படுகிறவருக்கு இது நல்ல தொடக்கம்.

பழைய மனக்காயங்களைப் பற்றிக் கேட்கலாமா? சிறு வயதில் வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர்களுக்குச் சைக்கோசிஸ் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2012-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. ஆனாலும் "கிளறினால் மோசமாகிவிடும்" என்று ஒதுக்கிவைப்பது வழக்கமாக இருந்தது. நெதர்லாந்தில் டேவிட் வான் டென் பெர்க் 155 பேரை வைத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கும் மனக்காயத்துக்கான சிகிச்சை பாதுகாப்பாகவே வேலை செய்தது. வார்டில் நான் முழுக் கதையையும் தோண்டுவதில்லை, அதற்கு அங்கே காலம் போதாது, பாதுகாப்பான சூழலும் இல்லை. ஆனால் கேட்காமல் விடுவதும் இல்லை. "சின்ன வயசுல உங்களுக்கு யாராவது தொந்தரவு கொடுத்திருக்காங்களா?" என்று சாதாரணக் குரலில் கேட்டு, பதில் வந்தால் அவர் வார்த்தையிலேயே எழுதிவைப்பேன்.

வார்டில் பேசுவது வெளியே கிளினிக்கில் பேசுவது மாதிரி இல்லை. தனி அறை கிடைக்காது. மருந்தின் தூக்கக் கலக்கத்தில் பாதி வாக்கியத்தில் கண் சொருகும். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அழுதுகொண்டிருப்பார். பலர் தாமாக வந்தவர்களும் இல்லை, விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்டவர்கள். என்னைப் பார்த்ததும் அவர் கேட்பது ஒன்றுதான், "எப்ப வீட்டுக்கு விடுவீங்க?" சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்க முடியும். வீட்டுக்குப் போனால் முதலில் என்ன செய்வீர்கள், எது நடந்தால் மறுபடி இங்கே வர நேரும், அதைத் தவிர்க்க என்ன வழி என்று. அமர்வு பத்து நிமிடமாக இருக்கலாம், வராந்தாவில் நடந்தபடியே இருக்கலாம். கொதிப்பில் இருக்கும் ஒருவரிடம் மருட்சிக்கு ஆதாரம் கேட்பது கொடுமை. அப்போது பக்கத்தில் இருந்தால் போதும், பேச்சு இன்னொரு நாள் நடக்கும்.

குடும்பத்தாரிடம் ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியாது. 1950-களின் கடைசியில் ஜார்ஜ் பிரவுன் லண்டனில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீண்டும் வருகிறது என்று தேடத் தொடங்கினார். குறை சொல்வதும் பகையும், உள்ளங்கையில் வைத்துத் தாங்குவதும் மிகுந்த வீடுகளில் அது அடிக்கடி வந்தது. இது அம்மாவைப் பழிசொன்ன பழைய கதை இல்லை. நோயை உண்டாக்கியது யார் என்று பிரவுன் கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் எவ்வளவு இறுக்கத்தில் இருக்கிறார்கள், அதைத் தளர்த்த முடியுமா என்பதுதான் அதிலிருந்து வந்த கேள்வி. முடியும் என்று பிறகு வந்த குடும்ப சிகிச்சை ஆய்வுகள் காட்டின. நோய் திரும்புவதைக் குறைப்பதில் இந்தத் துறையிலேயே உறுதியான ஆதாரம் உள்ளவற்றில் அதுவும் ஒன்று. பார்க்க வரும்போது "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, நீயா கற்பனை பண்ணிக்கிற" என்று வாதாட வேண்டாம். "அது கேக்கும்போது உனக்கு எப்படி இருக்கு? ரொம்பப் பயமா இருக்கா?" என்று கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் திருத்த வேண்டாம்.

எந்த நோய்க்கு என்ன சிகிச்சை தர வேண்டும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சைக்கோசிஸ் உள்ள எல்லாருக்கும் தனியாகக் குறைந்தது 16 அமர்வுகள் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையும், கூட இருக்கும் குடும்பத்துக்குக் குறைந்தது 10 அமர்வுகளும் மருந்தோடு சேர்த்துத் தர வேண்டும் என்கிறது. நோயின் உச்சத்திலேயே, உள்நோயாளியாக இருக்கும்போதே தொடங்கலாம் என்றும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த நாட்டிலேயே இது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் எது நியாயமான எதிர்பார்ப்பு என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

உங்களுடையவர் யாராவது இப்போது வார்டில் இருந்தால், மருந்தின் பெயரையும் அளவையும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இங்கே உளவியலாளர் இருக்கிறாரா, எந்த நாளில் வருவார், முதல் பேச்சை வார்டிலேயே தொடங்க முடியுமா என்று கேளுங்கள். உளவியலாளர் இல்லையென்றால், அவரோடு தினமும் பத்து நிமிடம் உட்காரக்கூடிய நர்ஸ் யார் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் அதே ஆளோடு தொடர முடியுமா என்று கட்டாயம் விசாரியுங்கள். நடுவில் ஆள் மாறினால் பாதிப் பேர் கதையை முதலிலிருந்து சொல்லப் பிடிக்காமல் நின்றுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே, குரல் வழக்கமாக என்ன சொல்லும், எது அதை அதிகமாக்கும், எது அடக்கும் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள். நான் எழுதித் தருகிறேன்.